சீர் பிரித்த பிறகு என்ன? யாப்பு, தொடை, மெய்ப்பாடு: ஓர் எளிய அறிமுகம்

மேடையில் ஒருவர் "ஏரியை வெட்டினார், பள்ளியைக் கட்டினார்" என்று முழங்கினால், "ஆகா, எதுகை மோனையோடு பேசுகிறாரே" என்கிறோம். ஏரி, பள்ளி என்று தொடங்கும் அந்த இரண்டு துண்டின் தலையில் எதுகையும் இல்லை, மோனையும் இல்லை. முடிவில் மட்டும் ஒலி ஒன்றுகிறது. அதற்குப் பெயர் இயைபு. இது சின்னக் குழப்பம்தான். இதைவிடப் பெரிய குழப்பங்கள் இரண்டு உண்டு. மரபுக் கவிதை என்றாலே எண்ணி அடுக்கிய கணக்கு, அங்கே உணர்ச்சிக்கு இடமில்லை என்பது ஒன்று. சாவைப் பற்றிய பாட்டு என்றால் சோகப் பாட்டு, நாட்டைப் பற்றியது என்றால் வீரப் பாட்டு என்று பொருளைப் பார்த்தே உணர்ச்சிக்குச் சீட்டு ஒட்டிவிடுவது இன்னொன்று.

"அலகிட்டு வாய்பாடு தருக" என்ற கேள்விக்குப் பள்ளியில் விடை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நம்மில் ஏராளம். அலகிட்ட பிறகு, அதாவது சீரும் அசையும் பிரித்த பிறகு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பாட்டின் ஓசை எங்கே வேகம் எடுக்கிறது, எங்கே தயங்குகிறது, அந்தத் தயக்கத்தில் என்ன உணர்ச்சி இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் சீர் பிரிக்கிறோம். அங்கே போய்ச் சேரும் வழியை அடியிலிருந்து பார்க்கலாம்.

## அசை: வாய் ஒரு மூச்சில் சொல்லும் துண்டு

யாப்பு என்பது செய்யுளைக் கட்டும் முறை. எழுத்துகளை எண்ணுவது யாப்பு ஆகாது. வாய் எப்படித் துண்டு போடுகிறது என்று கேட்பதுதான் முதல் வேலை. அப்படிக் கிடைக்கும் ஒலித்துண்டு அசை. அதில் இரண்டே வகை.

நேர் என்பது ஒரே ஒரு உயிரோசை உள்ள துண்டு. ஒரு குறில் அல்லது ஒரு நெடில். அதன் பின்னால் புள்ளி வைத்த எழுத்து இருந்தால் அதுவும் ஒட்டிக்கொள்ளும். க, கண், கா, காண் எல்லாமே நேர்.

நிரை என்பது இரண்டு உயிரோசை சேர்ந்த துண்டு. முதலில் வருவது கட்டாயம் குறில். அடுத்தது குறிலாகவும் இருக்கலாம், நெடிலாகவும் இருக்கலாம். மலை, மலர், நிலா, கடான் எல்லாம் நிரை.

பிரிக்கும் முறை எளிது. இடப்பக்கத்திலிருந்து வாருங்கள். நெடில் வந்தால் தனியாக வெட்டுங்கள். குறில் வந்தால் அடுத்த எழுத்தைப் பாருங்கள். புள்ளி எழுத்தா? அதோடு சேர்த்து வெட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த உயிர்மெய்யையும் இழுத்துக்கொண்டு வெட்டுங்கள். எந்தத் துண்டுக்குப் பின்னாலும் புள்ளி எழுத்து வந்தால் அது அந்தத் துண்டோடே சேரும். கடைசியில் ஒரு குறில் தனியே மிஞ்சினால் அது நேர்.

பெயர்களை வைத்துப் பழகலாம். கண்ணன்: கண்/ணன், நேர் நேர். முருகன்: முரு/கன், நிரை நேர். கண்மணி: கண்/மணி, நேர் நிரை. மலர்விழி: மலர்/விழி, நிரை நிரை. இப்போது உங்கள் பெயர். வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரையும் பிரித்து முடிக்கும்போது இந்தப் பாடம் கைக்கு வந்திருக்கும்.

புதியவர்கள் வழுக்குவது ஒரே இடத்தில்தான். "அகர" என்பதைப் பொருள் பார்த்து அ/கர என்று வெட்டுவார்கள். குறில் தனியே நிற்காது, அடுத்ததை இழுக்கும். ஆகவே அக/ர.

## சீர்: அசைகள் சேர்ந்து நிற்கும் அலகு

ஓர் அசையோ சில அசைகளோ சேர்ந்தால் சீர். பாட்டில் இடைவெளி விட்டு அச்சிடுகிறார்களே, அந்த ஒவ்வொரு துண்டும் ஒரு சீர். சில இடங்களில் சொல் பாதியில் உடைந்து அடுத்த சீருக்குப் போயிருக்கும். அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். ஓசைக்காகச் சொல்லைப் பிளப்பதற்கு வகையுளி என்று பெயர். பின்னால் ஒன்றைப் பார்ப்போம்.

ஈரசைச் சீர் நான்கு. அவற்றுக்கு வைத்த பெயர்களே மாதிரியாகவும் நிற்கும். அந்த மாதிரிப் பெயர்தான் வாய்பாடு:

- தேமா: நேர் நேர்
- புளிமா: நிரை நேர்
- கருவிளம்: நிரை நிரை
- கூவிளம்: நேர் நிரை

இவற்றோடு மூன்றாவதாக ஒரு நேர் சேர்ந்தால் காய்: தேமாங்காய், புளிமாங்காய், கருவிளங்காய், கூவிளங்காய். பூங்குழலி என்ற பெயர் பூங்/குழ/லி, கூவிளங்காய். மூன்றாவதாக நிரை சேர்ந்தால் கனி. கனி இந்தக் கட்டுரைக்குத் தேவைப்படாது. வெண்பா முடியும் இடத்தில் மட்டும் ஒரு குட்டிச் சீர் வரும். அதன் வாய்பாடுகள் நாள், மலர், காசு, பிறப்பு.

இதுவரை பார்த்ததன் சுருக்கம்: எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீர்கள் சேர்ந்து அடி, அதாவது வரி. அசை இரண்டே வகை. நான்கு பெயர்கள் மனதில் நின்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

## தளை: உண்மையான இயந்திரம் இங்கேதான்

பலர் சீரோடு நின்றுவிடுகிறார்கள். பாட்டின் ஓசை சீருக்குள் பிறப்பதில்லை. ஒரு சீர் முடிந்து அடுத்தது தொடங்கும் அந்த இடுக்கில்தான் பிறக்கிறது. ரயில் பெட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் கொக்கி பொருந்தினால்தான் வண்டி ஓடும். சீர் பெட்டி என்றால், கொக்கிதான் தளை. முன் சீரின் கடைசி அசையும் பின் சீரின் முதல் அசையும் எப்படிச் சந்திக்கின்றன என்பதே கேள்வி.

வெண்பாவுக்கு மூன்று விதி:

- மாவில் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும்.
- விளத்தில் முடிந்தால் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும்.
- காயில் முடிந்தால் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும்.

முதல் இரண்டையும் கவனியுங்கள். நேரில் முடிந்தால் நிரை, நிரையில் முடிந்தால் நேர். மாறி மாறி வருகிறது. வெண்பா ஓடிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம்.

எல்லோருக்கும் தெரிந்த குறளில் சோதிப்போம். குறள் என்பது இரண்டடி வெண்பா. முதல் அடியில் நான்கு சீர், இரண்டாவதில் மூன்று.

அகர முதல எழுத்தெல்லாம் ஆதி
பகவன் முதற்றே உலகு

அக/ர, புளிமா. முத/ல, புளிமா. எழுத்/தெல்/லாம், புளிமாங்காய். ஆ/தி, தேமா. பக/வன், புளிமா. முதற்/றே, புளிமா. உலகு, பிறப்பு. இப்போது இடுக்குகளைப் பாருங்கள். அகர என்ற மாவுக்குப் பின் "முத" நிரை. முதல என்ற மாவுக்குப் பின் "எழுத்" நிரை. எழுத்தெல்லாம் என்ற காய்க்குப் பின் "ஆ" நேர். ஆதிக்குப் பின் "பக" நிரை. அடி மாறும் இடத்திலும் கொக்கி விடவில்லை. கடைசிவரை இப்படியேதான். திருக்குறளின் 1330 பாட்டும் இந்தக் கணக்கில் அமைந்தவை.

இதற்கு நேர்மாறான நடை அகவலுக்கு உரியது. ஆசிரியப்பா என்றும் அதற்குப் பெயர். "யாதும் ஊரே" என்ற இரண்டே சொல்லை எடுங்கள். யா/தும், தேமா. அடுத்தது ஊ/ரே, நேரில் தொடங்குகிறது. மாவுக்குப் பின் நேர்! வெண்பா முதல் அடியிலேயே முறிந்திருக்கும். அகவலிலோ இதுதான் இயல்பு. நேரும் நேரும் முட்டும்போது ஒரு சின்ன நிறுத்தம் விழுகிறது. ஒவ்வொரு சீரும் தன் காலில் நின்று பேசுகிறது.

வெண்பாவின் ஓசையைச் செப்பல் என்றும், அகவலின் ஓசையை அகவல் என்றும், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் என்றும் இலக்கணம் சொல்கிறது. பின்னவை இரண்டும் தொடக்கத்தில் தேவையில்லை. செப்பலையும் அகவலையும் காதால் பிரித்தறியத் தெரிந்தால் போதும்.

## எதுகை, மோனை, இயைபு

ஒலி ஒன்றிவரத் தொடுப்பதற்குப் பொதுப்பெயர் தொடை. சினிமாப் பாட்டு கேட்டுக் கேட்டு, ஒலி ஒன்றுவது என்றால் வரியின் வாலில்தான் என்று காது பழகிவிட்டது. தமிழ்ச் செய்யுளில் முக்கியமான ஒன்றல் வரியின் தலையில் நடக்கிறது.

எதுகை: அடிகளின் அல்லது சீர்களின் இரண்டாம் எழுத்து ஒன்றுவது. அகர, பகவன் இரண்டிலும் "க". ஒரு நிபந்தனை உண்டு, முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். பட்டு, கட்டு எதுகை. பட்டு, பாட்டு எதுகை ஆகாது. நிறையப் பேர் தவறவிடுவது இந்த நிபந்தனையைத்தான்.

மோனை: முதல் எழுத்து ஒன்றுவது. அதே எழுத்தாக இருக்க வேண்டியதில்லை. இன எழுத்தும் போதும். அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்களில் சகரம் தகரத்தோடும், ஞகரம் நகரத்தோடும், மகரம் வகரத்தோடும் சேரும். "அகர முதல" குறளின் முதல் அடியில் அகர, ஆதி என்று முதல் சீரும் நான்காம் சீரும் மோனை.

இயைபு: அடியின் கடைசி ஒன்றுவது. நம் மேடைப் பேச்சாளர் செய்தது.

இவை அலங்காரம் மட்டும் அல்ல. ஓலையைப் பார்த்துப் படித்தவர்களைவிடக் காதால் கேட்டு மனத்தில் வைத்தவர்களே அதிகமாக இருந்த காலத்துப் பாட்டு இது. எதுகை அடுத்த அடியின் தலையை நினைவூட்டும். மோனை ஓர் அடிக்குள் சீர்களைக் கட்டி வைக்கும்.

சரி, புதுக்கவிதையில் இதெல்லாம் எங்கே என்று கேட்கலாம். 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழில் புதுக்கவிதை வேரூன்றியபோது தளை போனது, அடிக்கணக்கு போனது. அசை போகவில்லை. தமிழில் எதைச் சொன்னாலும் அது நேரும் நிரையுமாகத்தான் வாயில் விழும்.

ஒரு நிமிடம் நின்று தொகுத்துக்கொள்வோம். தளை பாட்டின் நடையைத் தீர்மானிக்கிறது. எதுகை அடிகளை ஒன்றோடொன்று கட்டுகிறது, மோனை அடிக்குள் கட்டுகிறது. இனி மிச்சம் இருப்பது உணர்ச்சி.

## மெய்ப்பாடு: உணர்ச்சிக்கும் ஓர் இலக்கணம்

உள்ளத்தில் எழும் உணர்ச்சி படிப்பவருக்குப் புலப்படும்படி வெளித் தெரிவதை மெய்ப்பாடு என்கிறார்கள். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாட்டைச் சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இளிவரல் என்பது இழிவு பட்ட உணர்வு. மருட்கை என்பது வியப்பு. மற்றவை இன்றைக்கும் புரியும்.

எனக்கு இந்தப் பகுதியில் மிகவும் பிடித்தது, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணம் சொல்லியிருப்பதுதான். அழுகை இழப்பால் மட்டும் வருவதில்லை. இளிவு, இழவு, அசைவு (தன் நிலையில் தாழ்வது), வறுமை என்று நான்கு வழி. பெருமிதம் போர்க்களத்தில் மட்டும் பிறப்பதில்லை. கல்வி, தறுகண், இசைமை, கொடை நான்கிலும் பிறக்கும். தறுகண் என்பது அஞ்சாமை, இசைமை என்பது புகழ். நகைக்குச் சொல்லும் முதல் காரணம் எள்ளல். ஆக, பொருளைப் பார்த்து உணர்ச்சியை முடிவு செய்யாதே, காரணத்தைத் தேடு என்று அன்றே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

## ஒரே யாப்பு, இரண்டு குரல்

யாப்பு உணர்ச்சியைத் தானாகக் கொண்டு வந்துவிடாது. ஒரே யாப்பில் அமைந்த இரண்டு குறளைப் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

கற்க கசடறக் கற்பவை கற்றபின்
நிற்க அதற்குத் தக

செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின்
வல்வரவு வாழ்வார்க் குரை

இரண்டும் குறள் வெண்பா. இரண்டிலும் தளை எங்கும் தட்டவில்லை. இரண்டும் "மலர்" என்ற வாய்பாட்டில் முடிகின்றன. இரண்டிலும் எதுகை உண்டு: கற்க, நிற்க, செல்லாமை, வல்வரவு. ஆனால் குரல் வேறு.

முதல் குறளில் "வை" ஒன்றைத் தவிர நெடிலே கிடையாது. நாக்கு எங்கும் தங்க வழியில்லை. ற் என்ற எழுத்து ஐந்து முறை வந்து தடுக்கிறது. முதல் அடியின் நான்கு சீரும் "க"வில் தொடங்குகின்றன, முற்று மோனை. ஆசிரியர் ஒருவர் எதிரே நின்று தட்டித் தட்டிச் சொல்வதுபோல் இருக்கிறது. கல்வியில் பிறக்கும் பெருமிதம் என்று இதைச் சொல்லலாம், கண்டிப்பான பெருமிதம்.

இரண்டாவது குறள் பிரிவாற்றாமை அதிகாரத்தின் முதல் பாட்டு. பிரிந்து போகப் போகிறேன், சீக்கிரம் வந்துவிடுவேன் என்கிறவனுக்குச் சொல்லும் பதில். போகவில்லை என்றால் என்னிடம் சொல். விரைந்து வருவதைப் பற்றி, அப்போது உயிரோடு இருப்பவர்களிடம் சொல். சாவு என்ற சொல் இல்லை. கண்ணீர் இல்லை. முதல் அடியில் மோனையும் இல்லை, பேச்சு அப்படியே வருகிறது. இரண்டாம் அடியில்தான் வல்வரவு, வாழ்வார் என்று ஒலி இறுகுகிறது.

அப்புறம், அந்த வகையுளி. "வாழ்வார்க்குரை" என்பதை ஓசை வாழ்வார்க் / குரை என்று உடைக்கிறது. இரண்டு நெடில், நடுவில் ழ், கடைசியில் ர்க். இந்தக் குறளிலேயே நாக்கு மிக அதிக நேரம் தங்கும் சீர் இதுதான். உயிரோடு இருப்பவர் என்ற பொருள் வரும் இடத்தில் தங்குகிறது. அதன் பின் "குரை" என்று ஒரே அசையில் பேச்சு அறுந்துபோகிறது. அழுகை என்று பெயர் வைக்கிறோம், ஆனால் அது அழுது காட்டவில்லை. சீர் பிரிக்காமல் படித்தாலும் இது நெஞ்சில் தைக்கும். பிரித்துப் பார்த்தால் தைத்தது எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்டலாம்.

## "யாதும் ஊரே" எந்த உணர்ச்சிப் பாட்டு?

புறநானூற்றின் 192ஆம் பாட்டு, கணியன் பூங்குன்றனார் பாடியது. முதல் வரி மேடைகளிலும் வளைவுகளிலும் தனியாகவே வாழ்கிறது. அந்த வரியை மட்டும் கேட்டால் உரக்க முழங்கும் பெருமிதப் பாட்டு என்று தோன்றும். பாட்டில் மொத்தம் 13 அடி. முழுதும் படித்தால் வேறு குரல் கேட்கும்.

தொடக்கம் இப்படி:

யாதும் ஊரே யாவரும் கேளிர்
தீதும் நன்றும் பிறர்தர வாரா
நோதலும் தணிதலும் அவற்றோ ரன்ன
சாதலும் புதுவ தன்றே வாழ்தல்

யாதும், தீதும் எதுகை. நோதலும், சாதலும் எதுகை. நான்கு அடியும் நெடிலில் தொடங்கி, அடுத்த எழுத்தாகத் தகரத்தைக் கொள்கின்றன. அவசரம் இல்லை, நிதானமான அடிவைப்பு. நான்காம் அடி "வாழ்தல்" என்று நின்று, பொருள் அடுத்த அடிக்கு வழிகிறது: "இனிதென மகிழ்ந்தன்றும் இலமே". வாழ்வது இனியது என்று மகிழ்ந்ததும் இல்லை. அடுத்து, வெறுப்பில் அது துன்பம் என்று சொல்வதும் இல்லை. பிறகு மலையாற்று வெள்ளத்தின் போக்கில் செல்லும் தெப்பம்போல உயிர் தன் முறைவழியே போகும் என்ற உவமை. முடிவு இது:

பெரியோரை வியத்தலும் இலமே
சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே

இப்போது மெய்ப்பாட்டுப் பட்டியலை எடுங்கள். "இலமே" இந்தப் பாட்டில் நான்கு முறை வருகிறது. முதலாவது மகிழ்தலை மறுக்கிறது, அது உவகை. இரண்டாவது முனிவை மறுக்கிறது, அது வெகுளியின் பக்கம். மூன்றாவது வியத்தலை மறுக்கிறது, அது மருட்கை. நான்காவது இகழ்தலை மறுக்கிறது, அது நகைக்குக் காரணமான எள்ளல். பாட்டு ஒவ்வோர் உணர்ச்சியின் வாசலுக்கும் போய், உள்ளே நுழையாமல் திரும்புகிறது. எட்டுக்குள் இதை அடைக்க முயன்றால் அடங்காது. தொல்காப்பியமே எட்டைச் சொல்லிவிட்டு, பிறகு வேறொரு வரிசையும் தருகிறது. அதில் நடுவுநிலை இருக்கிறது. இந்தப் பாட்டின் உணர்ச்சி அதுதான் என்பது என் முடிவு.

கடைசி இரண்டு அடிக்கு மறுபடி வாருங்கள், இந்த முறை சீர் எண்ணிக்கொண்டு. பெரியோரை / வியத்தலும் / இலமே: மூன்று சீர். சிறியோரை / இகழ்தல் / அதனினும் / இலமே: நான்கு சீர். கடைசிக்கு முந்தைய அடி மட்டும் ஒரு சீர் குறைந்து வரும் அகவலுக்கு நேரிசை ஆசிரியப்பா என்று பெயர். விதிப்படி அந்த அடி குறைந்தாக வேண்டும். ஆனால் குறைந்த அடிக்குப் பின் நிறைந்த அடி வரும்போது கூடுதலாகக் காதில் விழும் சீர் எது என்பது புலவர் கையில் இருக்கிறது. இங்கே அது "அதனினும்".

அந்தச் சீரை விரலால் மறைத்துவிட்டு வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் இலமே. புகழாததும் இகழாததும் ஒரே எடையில் நிற்கின்றன. விரலை எடுத்துவிட்டுப் படியுங்கள். சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று தராசு ஒரு பக்கம் சாய்கிறது. எந்த உணர்ச்சியின் பக்கமும் சாயாமல் 12 அடி வந்தவர், கடைசி அடியில் எளியவர் பக்கம் மட்டும் சாய்கிறார்.